கிறிஸ்துமஸ் விடுமுறையில் தற்காலிக வேலை: லெஸ்டரில் படிக்கும் மாணவிக்கு வழிகாட்டுங்கள்

வைகைக்கரை | 17 நவம்பர் 2025

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரையிலிருந்து வந்து, செப்டம்பர் இறுதி முதல் இங்கிலாந்தின் லெஸ்டரில் ஓராண்டு முதுநிலைப் படிப்பில் இருக்கிறேன். எங்கள் முதல் பருவம் டிசம்பர் 12, வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அடுத்த பருவம் ஜனவரி 12, திங்கட்கிழமை தொடங்குகிறது. இடையில் இருக்கும் நான்கு வாரங்களில் ஊருக்குப் போய் வர இப்போதைய விமானக் கட்டணம் இடம் கொடுக்கவில்லை. ஆகவே இங்கேயே தங்கி, முழுநேரமாக ஏதேனும் வேலை செய்து, ஜனவரி, பிப்ரவரி மாத வாடகையையாவது வீட்டில் கேட்காமல் கட்டிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். கல்விக் கடனுக்காக அப்பா வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்திருக்கிறார் என்பதால், இது எனக்குச் சிறிய விஷயம் அல்ல.

அக்டோபரில் ஓர் உணவகத்தில் வார இறுதிகளில் சில வாரங்கள் பணியாற்றினேன். பாட நேரத்தோடு ஒத்துவராததால் விட்டுவிட்டேன். இப்போது வேறு வேலை எதுவும் இல்லை. இங்கே வேலை செய்பவர்களுக்குத் தரப்படும் தேசியக் காப்பீட்டு எண் வந்துவிட்டது.

என்னைக் குழப்புபவை இவை. விழாக்கால வேலைகளுக்கான ஆள்சேர்ப்பு எல்லாம் அக்டோபரிலேயே முடிந்துவிட்டது என்று வகுப்பில் சிலர் சொல்கிறார்கள். அது உண்மையானால் இனி எங்கே தேடுவது பயன் தரும்? மாணவர் விசாவில் விடுமுறையின்போது வார வேலை நேர வரம்பு கிடையாது என்று கேள்விப்படுகிறேன், ஆனால் அதை வேலை தருபவரிடம் எப்படி நிரூபிப்பது, எந்த நாளிலிருந்து கணக்கிடுவது என்று தெளிவாகத் தெரியவில்லை. ஓர் ஏஜென்சி, பதிவுக்கும் பயிற்சிக்கும் சேர்த்து 60 பவுண்டு முன்பணம் கட்டினால் அடுத்த வாரமே கிடங்கு வேலை உறுதி என்கிறது. வீட்டுத் தோழி ஒருத்தி, தெரிந்தவரின் உணவு விநியோகக் கணக்கில் சைக்கிள் ஓட்டினால் அன்றாடம் கையில் பணம் வரும் என்கிறாள். இந்த இரண்டிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. எனினும் நாட்கள் கடந்துகொண்டே இருப்பதால், அனுபவம் உள்ளவர்கள் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்க விரும்புகிறேன்.

இரவுப் பணிக்கும் நான் தயார். கார் இல்லை, பேருந்தும் நடையும்தான்.

—

லட்டர்வொர்த் ஷிப்ட் | 17 நவம்பர் 2025

வணக்கம் தங்கை. லட்டர்வொர்த் அருகே ஒரு கிடங்கில் ஷிப்ட் பொறுப்பாளராக இருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பருவத்தில் புதிதாக வருபவர்களுக்கு வேலை பழக்குவதும் என் பொறுப்புகளில் ஒன்று. முதலில் அந்த 60 பவுண்டு பற்றிச் சொல்லிவிடுகிறேன்: கட்டாதீர்கள். வேலை தேடித் தருவதற்காக வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்குவது, ஒரு சில துறைகள் நீங்கலாக, இந்நாட்டில் 1973ஆம் ஆண்டுச் சட்டப்படியே தடைசெய்யப்பட்டது. கிடங்கு வேலை அந்த விதிவிலக்கில் வராது. கிடங்கு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சிக்குப் பணம் தருவது கிடங்கு நிறுவனம்தான். உங்களிடமும் ஒருவர் கேட்கிறார் என்றால், அவரிடம் கொடுப்பதற்கு வேலையே இல்லாமல் இருக்கலாம். கடவுச்சீட்டு நகலையும் அவருக்கு அனுப்ப வேண்டாம்.

ஆள்சேர்ப்பு முடிந்துவிட்டது என்பது பாதி உண்மை. பெரிய கடைகளும் அஞ்சல் நிறுவனமான ராயல் மெயிலும் விழாக்காலத்துக்கான விளம்பரங்களைச் செப்டம்பர், அக்டோபரிலேயே வெளியிட்டுவிடுகின்றன. ராயல் மெயில் ஆண்டுதோறும் அஞ்சல் பிரிப்பு மையங்களுக்கு ஆயிரக்கணக்கானவர்களைத் தற்காலிகமாக எடுக்கிறது; அந்த இடங்களில் பெரும்பாலானவை இந்நேரம் நிரம்பியிருக்கும். ஆனால் சேர்ந்தவர்கள் எல்லோரும் நிலைப்பதில்லை. கடைகளின் பெருந்தள்ளுபடி நாளான பிளாக் ஃபிரைடே இந்த ஆண்டு நவம்பர் 28 அன்று வருகிறது, அதையடுத்து டிசம்பர் 1 திங்கட்கிழமை இணையத் தள்ளுபடிகள். அந்த வாரத்தில் கிடங்குகளில் பளு உச்சத்துக்குப் போகும். அதைத் தாங்க முடியாமலும், பேருந்து கிடைக்காமலும், வேறு வேலை கிடைத்ததாலும் டிசம்பர் முதல் இரண்டு வாரங்களில் பலர் நின்றுவிடுவார்கள். அந்த இடங்களுக்கு விளம்பரமே வராது. ஏஜென்சியின் பட்டியலில் ஏற்கெனவே பதிவு செய்து, ஆவணங்கள் சரிபார்க்கப்பட்டு, கூப்பிட்டவுடன் வரத் தயாராக இருப்பவருக்குப் போகும். உங்கள் விடுமுறை டிசம்பர் 15 அன்று தொடங்குவது ஒருவகையில் நல்லதே. இந்த வாரமே பதிவு செய்து, சரிபார்ப்பையும் அறிமுகப் பயிற்சியையும் நவம்பர் இறுதிக்குள் முடித்து வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் வந்து பதிவு செய்பவர் வரிசையில் நிற்கும்போது நீங்கள் உள்ளே இருப்பீர்கள்.

லெஸ்டரில் இருப்பது உங்களுக்கு ஒரு வாய்ப்பு. இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்கச் சரக்குக் கிடங்குகள் நிறைந்தது. இங்கிருந்து நான்கைந்து மணி நேரத்தில் லாரிகள் நாட்டின் பெரும்பகுதியை எட்டிவிட முடியும் என்பதால், லட்டர்வொர்த் அருகே மேக்னா பார்க், டாவென்ட்ரி அருகே ரயில் சரக்கு முனையம், காசில் டோனிங்டனில் கிழக்கு மிட்லண்ட்ஸ் விமான நிலையத்தின் சரக்குப் பகுதி என்று பெரிய வளாகங்கள் வளர்ந்திருக்கின்றன. ராயல் மெயில் 2023இல் திறந்த பெரிய பார்சல் மையமும் டாவென்ட்ரி பக்கம்தான். ஆனால் கார் இல்லாதவர் வேலையைத் தேடுவதற்கு முன் பேருந்தைத் தேட வேண்டும். எங்கள் ஷிப்டுகள் பொதுவாகக் காலை 6 முதல் பிற்பகல் 2 வரை, 2 முதல் இரவு 10 வரை, 10 முதல் மறுநாள் காலை 6 வரை. காலை ஆறு மணிக்கு உள்ளே இருக்க வேண்டுமானால் எந்தப் பேருந்து, இரவு பத்து மணிக்கு வெளியே வந்தால் எந்தப் பேருந்து என்று பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஏஜென்சிகள் நகரத்திலிருந்து வேன் அனுப்புகின்றன. அதற்குக் கட்டணம் உண்டா, எங்கே நிற்கும், ஷிப்ட் நீண்டால் காத்திருக்குமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். கிறிஸ்துமஸ் நாளில் ரயிலும் பேருந்தும் ஏறத்தாழ முற்றிலும் நின்றுவிடும், மறுநாள் பாக்ஸிங் டேயிலும் மிகக் குறைவு. அன்று வேலைக்கு வருவதாகச் சொல்வதானால் நடந்து போகும் தூரத்தில் இருப்பதற்கு மட்டும் சொல்லுங்கள்.

வேலையின் தன்மையையும் தெரிந்துகொள்ளுங்கள். கையடக்கக் கருவி காட்டும் அடுக்கிலிருந்து பொருளை எடுத்துத் தள்ளுவண்டியில் வைப்பது, பெட்டியில் கட்டுவது, நகரும் பட்டையில் வரும் பார்சல்களை ஊர்வாரியாகப் பிரிப்பது ஆகியவையே புதியவர்களுக்குத் தரப்படும். ஆங்கிலத்தில் சரளம் தேவையில்லை. பாதுகாப்பு அறிவிப்பைப் புரிந்துகொண்டால் போதும். எட்டு மணி நேரமும் நின்றும் நடந்தும் செய்ய வேண்டும், மணிக்கு இத்தனை பொருள் என்ற கணக்கும் உண்டு. முதல் மூன்று நாட்கள் காலும் முதுகும் வலிக்கும். அந்த நாட்களில் வேகத்தைவிடத் தவறின்றிச் செய்வதில் கவனம் வைப்பவர்களைத்தான் நாங்கள் ஜனவரிக்கும் வைத்துக்கொள்ள விரும்புவோம். பாதுகாப்புக் காலணி கட்டாயம் என்றால் அதை இலவசமாகத் தர வேண்டியது வேலை தருபவர் கடமை. நீங்களாக வாங்கிவிடாமல் முதலில் கேளுங்கள்.

ஒன்றை எதிர்பார்த்துத் திட்டமிடுங்கள்: டிசம்பர் 24 மாலையோடு பார்சல் பளு இறங்கிவிடும். நான்கு வாரமும் ஒரே இடத்தில் முழுநேரம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு வாடகையை ஒதுக்காதீர்கள். 27ஆம் தேதி வாக்கில் வேறு வகை வேலை தொடங்கும். மக்கள் திருப்பி அனுப்பும் உடைகளையும் பொருட்களையும் பிரித்துப் பார்த்து மீண்டும் அடுக்கும் பணி ஜனவரி நடுப்பகுதி வரை நீளும்; இதைப் பெரும்பாலானவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. பதிவு செய்யும்போதே, திரும்பி வரும் பொருட்களைக் கையாளும் பிரிவிலும் பணியாற்ற விருப்பம் என்று எழுதி வையுங்கள்.

பர்மிங்காம் கிறிஸ்துமஸ் சந்தை போன்ற இடங்களை இப்போது தேடுவதில் பயனில்லை. அவை நவம்பர் தொடக்கத்திலேயே ஆட்களோடு திறந்துவிட்டன.

—

ஆய்வு மாணவி | 18 நவம்பர் 2025

நான் முனைவர் பட்ட ஆய்வில் இருக்கிறேன். மாணவர் அமைப்பில் வெளிநாட்டு மாணவர்களின் கேள்விகளுக்கு உதவும் தன்னார்வலரும்கூட. விசா பற்றி நீங்கள் கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

பட்டப் படிப்பு நிலையிலும் அதற்கு மேலும் மாணவர் விசாவில் இருப்பவர்கள் பாடகாலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரையும், விடுமுறையில் முழுநேரமாகவும் வேலை செய்யலாம். உங்கள் மின்விசாக் கணக்கிலேயே இந்த நிபந்தனை எழுதியிருக்கும். ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. இது சராசரிக் கணக்கு அல்ல. ஒரு வாரம் 10 மணி நேரம், அடுத்த வாரம் 30 மணி நேரம் என்று ஈடுகட்ட முடியாது. இரண்டு இடங்களில் வேலை செய்தால் இரண்டையும் சேர்த்துத்தான் வரம்பு. ஊதியமில்லாத வேலையும் அதில் அடங்கும். உங்கள் பருவம் வெள்ளிக்கிழமை முடிகிறது. ஆனால் டிசம்பர் 8 முதல் 14 வரையான அந்த வாரத்தில் பாட நாட்கள் இருப்பதால், சனி, ஞாயிறையும் சேர்த்து அந்த வாரம் முழுவதையும் 20 மணி நேரத்துக்குள் வைத்துக்கொள்வதே பாதுகாப்பானது. 15ஆம் தேதி திங்கட்கிழமை முதல் ஜனவரி 11 ஞாயிறு வரை முழுநேரமாகச் செய்யுங்கள். 12ஆம் தேதி காலை முடியும் இரவுப் பணியை ஞாயிறு இரவு ஏற்க வேண்டாம், ஏனெனில் நள்ளிரவுக்குப் பிந்தைய மணிகள் பாடகால வாரத்தில் போய்ச் சேரும்.

விடுமுறை என்பது நம் வகுப்பு இல்லாத நாட்கள் அல்ல. உங்கள் படிப்புக்குப் பல்கலைக்கழகம் அதிகாரபூர்வமாக அறிவித்த விடுமுறை. இந்த வேறுபாடு கோடையில் மிகவும் முக்கியமாகும். ஓராண்டு முதுநிலை மாணவர்கள் ஆய்வேடு எழுதும் கோடை மாதங்கள் பொதுவாகப் பாடகாலமாகவே கருதப்படும், இதை அறியாமல் பலர் ஜூன் மாதம் முழுநேர வேலைக்குப் போய்விடுகிறார்கள். எங்களைப் போன்ற ஆய்வு மாணவர்களுக்கோ பருவ விடுமுறையே கிடையாது; நெறியாளர் ஒப்புக்கொண்ட விடுப்பு நாட்கள்தான். ஆகவே உங்கள் படிப்பின் பெயரும், பருவத் தொடக்க, முடிவு நாட்களும் குறிப்பிட்ட கடிதம் ஒன்றைப் பல்கலைக்கழக மாணவர் சேவை அலுவலகத்தில் இந்த வாரமே கேட்டு வாங்குங்கள். மாணவரை வேலைக்கு எடுக்கும் நிறுவனம் பருவ நாட்களுக்கான சான்றைப் பெற்றுக் கோப்பில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. நீங்களே முதல் நாளில் நீட்டினால் அவர்களுக்கு அலைச்சல் குறையும், உங்களை முதலில் எடுக்கவும் மனம் வரும்.

அடுத்தது ஷேர் கோடு. மின்விசாக் கணக்கு வழியாக அரசு இணையதளத்தில், வேலை செய்யும் உரிமையைக் காட்டுவதற்கான ஒன்பது எழுத்துக் குறியீட்டை நீங்களே உருவாக்கலாம். டபிள்யூ என்ற எழுத்தில் தொடங்கும், 90 நாட்கள் செல்லும். வேலை தருபவர் அந்தக் குறியீட்டையும் உங்கள் பிறந்த தேதியையும் இட்டுச் சரிபார்ப்பார். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. குறியீட்டை விளம்பரம் பார்த்த உடனே யாருக்கும் அனுப்பாமல், வேலை உறுதியாகி, நிறுவனத்தின் பெயரும் முகவரியும் தெரிந்த பிறகு கொடுங்கள்.

தோழி சொன்ன உணவு விநியோகத்தை விட்டுவிடுங்கள். உணவு விநியோகச் செயலிகள் ஓட்டுநர்களைச் சுயதொழில் செய்பவர்களாகவே வைத்திருக்கின்றன. மாணவர் விசாவில் சுயதொழில் அறவே கூடாது, விடுமுறையிலும் கூடாது. இன்னொருவரின் கணக்கில் ஓட்டினால் உங்கள் வேலைக்குப் பதிவே இருக்காது, விபத்து நேர்ந்தால் காப்பீடும் இருக்காது, தெருவில் நடக்கும் சோதனையில் பிடிபட்டால் விசா பறிபோகும். அப்பாவின் வீட்டுப் பத்திரத்தைக் குறிப்பிட்டிருந்தீர்கள். அதை நினைத்துத்தான் இவ்வளவு அழுத்தமாக எழுதுகிறேன்.

விழாக்காலத்துக்கே உரிய இன்னொரு கண்ணியும் உண்டு. நீங்கள் பாடவோ ஆடவோ இசைக்கவோ தெரிந்தவராக இருந்தால் கிறிஸ்துமஸ், புத்தாண்டு நிகழ்ச்சிகளுக்குப் பணம் தந்து அழைப்பார்கள். கேளிக்கைக் கலைஞராகப் பணியாற்றுவதும் இந்த விசாவில் தடை. நிரந்தர முழுநேரப் பதவியை ஏற்பதும் அப்படியே. எனவே ஒப்பந்தத்தில் தற்காலிகம் என்றும் முடியும் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

—

கொவென்ட்ரி கடை | 18 நவம்பர் 2025

வணக்கம் பிள்ளை. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நெடுங்காலமாகக் கொவென்ட்ரியில் சிறு பலசரக்குக் கடை நடத்துகிறேன். மேலே எழுதியவர்கள் பெரிய கிடங்குகளைப் பற்றி நன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் சின்னக் கடைகளின் பக்கத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் நத்தார் (கிறிஸ்துமஸ்) காலத்தில் எங்களுக்கு ஆள் தேவைப்படும் விதம் வேறு.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் நத்தார் நாளில் திறக்கக் கூடாது என்று 2004ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சின்னக் கடைகளுக்கு அந்தத் தடை இல்லை. பெரிய கடைகள் பூட்டியிருக்கும் அந்த ஒரு நாளில் பாலும், பாணும், மின்கலமும், குழந்தைகளின் மருந்தும் தேடி ஊரே எங்களிடம் வரும். எங்களிடம் வழக்கமாக நிற்கும் உள்ளூர்ப் பிள்ளைகள் அன்று குடும்பத்தோடு இருக்க விரும்புவார்கள், அது நியாயம்தான். ஆகவே 24 முதல் 26 வரையும், புத்தாண்டு இரவும் நிற்கக்கூடிய நம்பிக்கையான ஒருவரை நாங்கள் நவம்பர் கடைசியிலிருந்தே தேடத் தொடங்குவோம். எந்த இணையத்தளத்திலும் இதை விளம்பரம் செய்வதில்லை. கண்ணாடியில் ஒரு காகிதம் ஒட்டுவோம், அல்லது தெரிந்தவர்களிடம் சொல்லி வைப்போம்.

நீங்கள் தங்கியிருக்கும் இடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள கடைகள், மருந்தகங்கள், எரிபொருள் நிலையங்கள் எல்லாவற்றுக்கும் நேரில் போங்கள். பிற்பகல் இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் போவது நல்லது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு முதலாளிக்கு நின்று கதைக்க நேரமிராது. ஒரு பக்கத்தில் பெயர், தொலைபேசி எண், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, நாளின் எந்த நேரம் நிற்க முடியும் என்று பெரிதாக எழுதிக் கொடுங்கள். எங்களுக்கு உங்கள் பட்டங்களின் பட்டியல் தேவையில்லை, நத்தார் நாளில் நிற்பீர்களா என்பதே தேவை. மதுபானமும் புகையிலையும் விற்கும் கடையானால் வயது சரிபார்க்கும் முறையை முதல் நாளே கற்றுத் தருவார்கள். 25 வயதுக்குக் குறைந்தவராகத் தெரிந்தால் அடையாள அட்டை கேட்பதே வழக்கம். வாடிக்கையாளர் கோபித்தாலும் கேட்கத்தான் வேண்டும், வயது குறைந்தவருக்கு விற்றால் விற்ற பணியாளரே தண்டம் கட்ட நேரிடும்.

நம்மவர் கடை என்பதற்காக ஒன்றையும் விட்டுக்கொடுக்க வேண்டாம், இதை ஒரு கடைக்காரனாகவே சொல்கிறேன். தமிழ்க் கடை என்றால் அக்கா, அண்ணா என்று உறவு சொல்லிக் கொண்டு, ஊதியச் சீட்டு இல்லாமல், குறைந்த கூலிக்கு நிற்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். காசாகக் கையில் தருவது சட்டவிரோதம் அல்ல. ஊதியச் சீட்டும் பதிவும் இல்லாமல் தருவதே பிழை. அப்படி நின்றால் நீங்கள் எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள் என்பதற்கு உங்கள் கையில் ஆதாரமே இருக்காது, பிறகு விசாக் கேள்வி வரும்போதும் அது உங்களைக் காப்பாற்றாது. முறையாக ஆள் வைக்கும் முதலாளி ஷேர் கோடு கேட்பார். அனுமதியில்லாதவரை வேலைக்கு வைத்தால் முதல் தடவையே ஆளுக்கு 45,000 பவுண்டு வரை தண்டம் என்பதால், கேட்காத முதலாளிதான் உங்களுக்கு ஆபத்தானவர்.

நத்தார் நாளுக்கு இரட்டைச் சம்பளம் சட்டப்படி கிடைக்கும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அப்படி ஒரு சட்டம் இல்லை. கடைக்குக் கடை வேறுபடும். நான் கூட்டித் தருகிறேன். நீங்கள் போகும் இடத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், அதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

—

வைகைக்கரை | 20 நவம்பர் 2025

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பருவ நாட்களுக்கான கடிதத்துக்கு விண்ணப்பித்துவிட்டேன். அந்த 60 பவுண்டு கேட்ட இடத்துக்கு வேண்டாம் என்று பதில் அனுப்பிவிட்டேன். வேறு இரண்டு ஏஜென்சிகளில் கட்டணமின்றிப் பதிவு செய்து, ஒன்றில் அறிமுகப் பயிற்சிக்குத் தேதியும் கிடைத்திருக்கிறது. கடைக்கார ஐயா சொன்னபடி என் தெருவுக்கு அடுத்த தெருவில் உள்ள மருந்தகத்திலும் ஒரு கடையிலும் கேட்டேன். கடையில் டிசம்பர் 24 முதல் நிற்கச் சொல்லி, ஒருநாள் ஊதியமின்றி வந்து பழகிப் பார்க்கும்படி சொன்னார்கள்.

ஏஜென்சி அனுப்பிய படிவங்களில் இரண்டு புரியவில்லை. வாரம் 48 மணி நேர வரம்பிலிருந்து விலகுவதாக ஒரு கையெழுத்துக் கேட்கிறார்கள், அது கட்டாயமா? வரிப் படிவத்தில் மூன்று கூற்றுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். அக்டோபரில் உணவகத்தில் சில வாரங்கள் இருந்த நான் எதைத் தேர்வது? வாரம் 40 மணி நேரம் என்றால் கையில் உண்மையில் எவ்வளவு வரும் என்பதையும் யாராவது விளக்கினால் வாடகைக் கணக்கைப் போட்டுவிடுவேன்.

—

ஊதியக் கணக்கு | 20 நவம்பர் 2025

ஊதியப் பட்டியல் தயாரிக்கும் பணியில் இருக்கிறேன். டிசம்பரில் மாணவர்களிடமிருந்து எங்களுக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை நீங்கள் கேட்ட இந்த வரிப் படிவத்தால் வருபவை.

மூன்று கூற்றுகளில் முதலாவது, வரி ஆண்டு தொடங்கிய ஏப்ரல் 6க்குப் பிறகு இதுவே என் முதல் வேலை என்பது. இரண்டாவது, இப்போது எனக்கு இது ஒன்றுதான் வேலை, ஆனால் ஏப்ரல் 6க்குப் பிறகு வேறு வேலை இருந்தது என்பது. மூன்றாவது, இதோடு இன்னொரு வேலையும் இருக்கிறது என்பது. ஏஜென்சியில் நீங்கள் இரண்டாவதைத் தேர்வு செய்ய வேண்டும். அதைவிட நல்லது, உணவகத்திடமிருந்து பி45 என்ற விலகல் படிவத்தைக் கேட்டு வாங்கி ஏஜென்சியிடம் கொடுப்பது. அதைத் தர வேண்டியது அவர்கள் கடமை. பி45 இருந்தால் ஆண்டு முழுவதற்குமான 12,570 பவுண்டு வரிவிலக்கு, ஏப்ரலிலிருந்து சேர்ந்து வந்த கணக்கோடு உங்களுக்குப் பொருத்தப்படும், வருமான வரி எதுவும் பிடிக்கப்படாது. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு வாரத்தையும் தனித்தனியாகப் பார்க்கும் அவசர வரிக் குறியீடு போடப்படும்.

எண்களில் சொல்கிறேன். 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்டு, 18 முதல் 20 வயது வரை 10 பவுண்டு. நீங்கள் முதுநிலை மாணவி என்பதால் முதலாவதையே எடுத்துக்கொள்கிறேன். வாரம் 40 மணி நேரத்துக்கு 488.40 பவுண்டு. வாரச் சம்பளத்தில் 242 பவுண்டுக்கு மேற்பட்ட தொகைக்கு 8 விழுக்காடு தேசியக் காப்பீட்டுத் தொகை போகும். அது 20 பவுண்டுக்குச் சற்றுக் குறைவு, திரும்ப வராது. அவசர வரிக் குறியீடு போட்டிருந்தால் இதோடு ஏறக்குறைய 49 பவுண்டு வரியும் பிடிப்பார்கள். இது திரும்ப வரும். ஆக, பி45 கொடுத்தால் கையில் 468 பவுண்டு அளவிலும், கொடுக்காவிட்டால் 420 பவுண்டு அளவிலும் நிற்கும். ஏப்ரல் 5 வரையான உங்கள் மொத்த வருமானம் 12,570ஐத் தாண்டப் போவதில்லை என்பதால், பிடித்த வரி முழுவதையும் வரித்துறையிடமிருந்து பெறலாம். அதற்கு முகவர் தேவையில்லை, அரசு இணையதளத்தில் நீங்களே கேட்டுப் பெறலாம். பங்கு கேட்கும் விளம்பரங்களுக்குப் பதில் சொல்லாதீர்கள். ஆனால் ஜனவரி வாடகையை அந்தத் தொகையை நம்பிக் கணக்கிட வேண்டாம்.

டிசம்பர் 24 முதல் கடையிலும் நிற்பீர்களானால் ஏஜென்சி வேலை அப்போதும் தொடர்கிறதா என்று பாருங்கள். தொடர்ந்தால் கடையில் மூன்றாவது கூற்றைத் தேர வேண்டும். அங்கே முதல் பவுண்டிலிருந்தே 20 விழுக்காடு வரி பிடிப்பார்கள். அதுவும் பின்னர் சரிசெய்யப்படுவதே.

48 மணி நேர விலகல் கையெழுத்து கட்டாயம் அல்ல. வாரம் சராசரியாக 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பதே அந்த வரம்பு என்பதால், 40 மணி நேரம் வேலை செய்யும் உங்களுக்கு அந்தக் கையெழுத்தின் அவசியமும் குறைவு. கையெழுத்திட மறுத்ததற்காக உங்களைத் தண்டிக்க முடியாது. இட்டுவிட்டால்கூட, எழுத்து மூலம் முன்னறிவிப்புத் தந்து விலக்கிக்கொள்ளலாம். இரண்டு ஷிப்டுகளுக்கு இடையே 11 மணி நேர ஓய்வும், ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் 20 நிமிட இடைவேளையும் உங்கள் உரிமை.

ஊதியமில்லாத பழகு நாள் பற்றி: கல்லாவில் நின்று காட்டச் சொல்லிச் சிறிது நேரம் பார்ப்பது வேறு, முழு நாளும் அடுக்கவும் விற்கவும் வைப்பது வேலை, அதற்குக் குறைந்தபட்ச ஊதியம் தர வேண்டும். ஏஜென்சியின் அறிமுகப் பயிற்சியும் கட்டாயம் என்றால் அதற்கும் ஊதியம் உண்டு. இரண்டும் பாடகாலத்தில் நடந்தால் 20 மணி நேரக் கணக்கில் சேருங்கள்.

ஏஜென்சியிடம், ஒப்புக்கொள்வதற்கு முன், முக்கியத் தகவல் தாள் ஒன்றைக் கேளுங்கள். ஊதியம் யார் தருவார்கள், என்னென்ன பிடித்தம் என்பது மாதிரிக் கணக்கோடு அதில் இருக்க வேண்டும். அதில் உங்கள் ஊதியத்தை இன்னொரு இடைநிலை நிறுவனம் தரும் என்று எழுதியிருந்தால், அவர்களுடைய கட்டணமும் வேலை தருபவரின் காப்பீட்டுப் பங்கும் விளம்பரத்தில் சொன்ன மணிக்கூலியிலிருந்தே கழிக்கப்படலாம், எனவே கழித்த பிறகு வரும் தொகையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக விடுப்புச் சம்பளம். நிலையற்ற மணி நேரத்தில் வேலை செய்பவர்களுக்கு அது வேலை செய்த நேரத்தின் 12.07 விழுக்காடு. சில இடங்களில் வாராவாரம் சேர்த்தே தருவார்கள், ஊதியச் சீட்டில் தனிப் பதிவாக இருக்கும். தனியாகத் தராத இடத்தில், வேலை முடிந்து விலகும்போது எடுக்காத விடுப்புக்குப் பணம் வர வேண்டும். உங்கள் நான்கு வாரங்களுக்கு அது ஏறத்தாழ 235 பவுண்டு. கேட்காமல் போகும் மாணவர்கள் பலர். ஜனவரியில் கடைசிச் சீட்டு வந்ததும் அந்தப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏஜென்சிக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். அதற்கும் பதில் வராவிட்டால் வேலைத் தகராறுகளில் இலவச ஆலோசனை தரும் ஏகாஸ் அமைப்பின் உதவித் தொலைபேசியில் கேட்கலாம்.